டிக்கெட் இல்லாத பூக்கள்

பின்பக்கக் கதவின் தாழ்ப்பாள் ‘டக்’கென்று விழும் சத்தம் கேட்டது.

குளியலறையில் முகம் மழித்துக்கொண்டிருந்த செக்கரின் கை அந்தரத்தில் நின்றது. ஒரு கன்னம் வழவழப்பு, மறு கன்னத்தில் சோப்பு நுரை. காதைத் தீட்டிக்கொண்டார். மனைவி சமையலறையில்தான் இருக்கிறாள். வாணலியில் கரண்டி உரசுகிறது. அப்படியானால் பின்பக்கம் போனது யார்? இந்த வீட்டில் மிச்சமிருப்பது ஒரே ஆள்தான்.

குளியலறை ஜன்னல் உயரத்தில், ஒரு முகம் அளவுக்கே இருந்தது. சத்தமில்லாமல் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி எட்டிப் பார்த்தார்.

மருமகள்! வேலைக்குக் கிளம்பிய கோலத்தில், தோளில் கைப்பையோடு, பூசணிக் கொடியின் ஓரம் குனிந்திருந்தாள். நிமிர்ந்தபோது அவள் கையில் ஏதோ இருந்தது. சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு அதை ஒரு மெல்லிய தாளில் சுற்றிக் கைப்பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினாள்.

சுற்றுமுற்றும் பார்த்தாளே, அது போதாதா? ஓடுகிற பஸ்ஸில் அப்படிப் பார்த்தவர்கள் எத்தனை பேரை அவர் காலரைப் பிடிக்காத குறையாக இறக்கிவிட்டிருக்கிறார்! இவ்வளவு நாளாகத் தன் கண்ணில் மண்ணைத் தூவிய கை எதுவென்று இன்று தெரிந்துவிட்டது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, நுரை முகத்தோடு வாசல் கதவை அடைத்தாற்போல் நின்றார்.

மருமகள் செருப்பு மாட்ட வந்தாள்.

“நில்லும்மா.”

“என்ன மாமா? பாதி ஷேவிங்ல வந்துட்டீங்க?”

“அது இருக்கட்டும். பையைத் திற.”

அவள் முதலில் சிரித்தாள். மாமனார் ஏதோ விளையாடுகிறார் என்று நினைத்தாள், பாவம். பிறகு அவர் நீட்டிய கையைப் பார்த்தாள். அந்தக் கை இறங்கவில்லை. அவள் முகத்திலிருந்த சிரிப்பு விளக்கை அணைத்ததுபோல் போயிற்று. பையைத் தோளிலிருந்து கழற்றிக் கொடுத்தாள்.

செக்கர் திறந்தார். சீப்பு, சாப்பாட்டு டப்பா, குடை, ஒரு கைக்குட்டை, பெண்கள் மட்டும் வைத்திருக்கும் சில பொருட்கள். அவற்றையெல்லாம் ஒதுக்கி ஒதுக்கி, அடியிலிருந்து அந்தத் தாள் பொட்டலத்தை எடுத்தார். மூக்குக் கண்ணாடி துடைக்கும் மெல்லிய தாள்; அவள் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையிலிருந்து வந்தது. உள்ளே, கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிதாக, மஞ்சள் பூத்து வதங்கிய ஒரு பூசணிப் பிஞ்சு.

“இதுக்கு என்ன சொல்ற?”

“கீழ விழுந்து கிடந்துச்சு மாமா. எங்க கடைக்கு வர்ற ஒரு அம்மா வீட்ல தோட்டம் போட்டிருக்காங்க. அவங்ககிட்டக் காட்டி, ஏன் இப்படி உதிருதுன்னு கேக்கலாம்னு...”

“இறங்குற இடத்துல டிக்கெட் எடுத்துக்கலாம்னு இருந்தேன் சார்னு எல்லாரும் இப்படித்தாம்மா சொல்லுவாங்க.”

சமையலறை வாசலில் கரண்டியோடு வந்து நின்ற மனைவி, “ஐயோ!” என்று வாயைப் பொத்திக்கொண்டாள். மருமகள் பையை வாங்கிக்கொண்டாள். அவர் ஒதுக்கிப் போட்டதையெல்லாம் ஒன்றொன்றாக உள்ளே அடுக்கினாள். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை என்று மனைவிக்குத் தோன்றியது. மருமகள் படியிறங்கிப் போனாள். ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் மட்டும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகக் கேட்டது.

இவர் யார், எப்படிப்பட்டவர் என்று சொல்லிவிட்டால்தான் இந்தக் கதை விளங்கும்.

பஸ் கம்பெனியில் டிக்கெட் பரிசோதகராகவே தலை நரைத்தவர் அவர். தெருவில் அவருக்குச் செக்கர் என்றுதான் பெயர். அவர் மனைவியைக்கூட அக்கம்பக்கத்தில் ‘செக்கரம்மா’ என்றே கூப்பிட்டார்கள். ஏதாவது ஒரு நிறுத்தத்தில், ஆட்களோடு ஆளாக ஏறுவார். டிக்கெட்டைக் கேட்பதற்கு முன்பே முகத்தைப் படித்துவிடுவார். திடீரென்று தூங்க ஆரம்பிப்பவன், ஜன்னலுக்கு வெளியே ரொம்ப அக்கறையாகப் பார்ப்பவன், இல்லாத சில்லறையைத் தேடித் தேடிச் சட்டைப்பையைத் தட்டுபவன், எல்லோரும் அவருக்கு அத்துப்படி. டிக்கெட் வைத்திருப்பவர்களை அவர் நல்லவர்கள் என்று நினைத்ததே இல்லை. இந்த முறை எடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்தக் கண்ணைச் சட்டையோடு கழற்றி ஆணியில் மாட்ட முடியுமா? வீட்டுக்கும் கூடவே வந்தது. பால்காரர் ஊற்றும்போது அளவுப் பாத்திரத்தின் அடியைத் தடவிப் பார்ப்பார். மகன் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக் கொட்டிக் கவிழ்ப்பார். கல்யாணமான புதிதில் மனைவியிடம், “நான் இல்லாதப்ப யாராவது வந்தாங்களா?” என்று தினமும் கேட்பார். “வந்தாங்களே, ஒரு பெரிய படையே வந்துச்சு. சாப்பிட்டுப் போகச் சொன்னேன், நீங்க வர்றீங்கன்னதும் ஓடிட்டாங்க” என்பாள் அவள். அவளுடைய வாய் மட்டும் இல்லாவிட்டால் அந்தக் குடும்பம் என்றைக்கோ நடுத்தெருவுக்கு வந்திருக்கும்.

ஓய்வு பெற்றார். ஓய்வு அவருக்குத்தான் கிடைத்தது. வீட்டில் இருந்தவர்களுக்கு இருந்த ஓய்வும் போயிற்று. ஃபிரிட்ஜைத் திறந்து முட்டைகளைச் சரிபார்ப்பது, குப்பை எடுக்க வருபவரிடம் நம் வீட்டுக் குப்பை முழுவதும் போய்ச் சேருகிறதா என்று விசாரிப்பது என்று பொழுது போயிற்று. ஒரு நாள் மனைவி பொறுக்க முடியாமல் கத்திவிட்டாள்.

“இந்த வீட்ல இருக்கிற எல்லார்கிட்டயும் டிக்கெட் இருக்கு! தயவுசெஞ்சு பின்பக்கம் போய் எதையாவது நடுங்க. உங்களுக்குக் கோடிப் புண்ணியம்!”

அப்படி ஆரம்பித்ததுதான் தோட்டம்.

பின்பக்கம் என்றால் பெரிய நிலம் ஒன்றுமில்லை. குளியலறைச் சுவருக்கும் மதிலுக்கும் நடுவே, துணி காயப்போடும் கொடிக்கயிற்றுக்குக் கீழே கிடந்த கட்டாந்தரை. வீடு கட்டிய காலத்துச் செங்கல் துண்டும் சிமெண்டுக் கட்டியும் இறுகிக் கிடந்தன. செக்கர் கடப்பாரை வாங்கி வந்து குத்தினார். மண்ணுக்குள்ளிருந்து வளைந்த கரண்டியும், பல் தேய்க்கும் பிரஷும், மகன் சின்ன வயதில் தொலைத்த பொம்மைக் காரின் ஒரு சக்கரமும் கிளம்பின. அந்தச் சக்கரத்துக்காக மகன் அன்று பட்ட அடியை நினைத்து மனைவி பெருமூச்சு விட்டாள். “பாருங்க, யாரும் திருடல. இங்கதான் இருந்திருக்கு.”

விதைக் கடையிலும் அவர் சும்மா இருக்கவில்லை.

“இதெல்லாம் கண்டிப்பா முளைக்குமா?”

“நான் விதைதான் சார் விக்கிறேன். ஜாமீன் கொடுக்கல” என்று சிரித்தார் கடைக்காரர்.

வெண்டை, தக்காளி, மிளகாய், பூசணி. போட்டுத் தண்ணீர் ஊற்றினார். ஊற்றிவிட்டுக் காத்திருக்கத் தெரியவில்லை. உள்ளே என்ன நடக்கிறதென்று தினமும் ஒரு விதையைத் தோண்டிப் பார்த்தார். வெண்டை பாதி அப்படியே போயிற்று. “முட்டையை உடைச்சுப் பார்த்துட்டு, குஞ்சு எங்கன்னு கேக்குற ஆளு” என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் பூசணி தப்பித்தது. இரண்டு தடித்த இலைகளோடு மண்ணை முட்டிக்கொண்டு அது வெளியே வந்த காலையில், செக்கர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் மகன் பிறந்தபோதுகூட அவர் டியூட்டியில் இருந்தார். ஓர் உயிர் வெளியே வருவதை அவர் பக்கத்திலிருந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. கண் கலங்கியது. யாராவது பார்த்தார்களா என்று உடனே மதில் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

கொடி ஓடியது. பூ விட்டது. இங்கேதான் வினை ஆரம்பமானது.

மஞ்சள் மஞ்சளாய்ப் பூத்ததில் இரண்டு தினுசு இருப்பதை அந்தக் கழுகுக் கண் முதல் நாளே கண்டுபிடித்துவிட்டது. சில பூக்களுக்குப் பின்னால் குட்டிப் பூசணி ஒன்று உருண்டையாக ஒட்டிக்கொண்டிருந்தது. மற்றவை நீளக் காம்பில் வெறும் பூவாக நின்றன. பின்னால் காய் இல்லை, ஒன்றுமில்லை. அதுவும் காயுள்ள பூவைவிட இந்த வெறும் பூக்களே கூட்டம். செக்கருக்குப் பஸ் ஞாபகம் வந்துவிட்டது. காயோடு வந்தது டிக்கெட் எடுத்த பூ. காயில்லாமல் வந்து, தண்ணீரையும் உரத்தையும் குடித்துக்கொண்டு ஓசியில் பயணம் செய்வது டிக்கெட் இல்லாத பூ.

இறக்கிவிட வேண்டியதுதானே?

தினமும் விடிந்ததும் விடியாததுமாகப் போய் ஒவ்வொரு கொடியாகச் சோதனை போட்டார். டிக்கெட் இல்லாத பூக்களை ஒரு மொட்டுகூட விடாமல் கிள்ளி, மூலையில் எருவுக்காக வெட்டிய குழியில் போட்டு மண்ணைத் தள்ளினார். யாரிடமும் சொல்லவில்லை. சோதனைக்குப் போகும் பஸ் எதுவென்று முன்கூட்டிச் சொல்லும் வழக்கம் அவருக்கு எந்தக் காலத்திலும் இல்லை.

ஆனால் அந்தோ! டிக்கெட் எடுத்த பூக்களின் கதி என்ன ஆயிற்று? ஒவ்வொரு பிஞ்சாக மஞ்சள் பூத்தது, சுருங்கியது, உதிர்ந்தது. தண்ணீரைக் கூட்டினார், குறைத்தார். உரம் வைத்தார். எதுவும் நிற்கவில்லை. இவ்வளவு காவலுக்கு நடுவே காய் போகிறதென்றால், வெளியாள் கை இல்லாமல் எப்படிப் போகும்? பக்கத்து வீட்டுக்காரி துணி உதறும் சாக்கில் மதிலுக்கு மேலே எட்டிப் பார்க்கிறாளே, ஏன்? மதில்மேல் நடக்கும் பூனை யாருடையது? விதைக் கடைக்காரர் அன்றைக்குச் சிரித்ததற்கு அர்த்தம் என்ன?

கடைசியில் சந்தேகம் வீட்டுக்குள் வந்து, மருமகள் மேல் உட்கார்ந்தது. காரணம் இருந்தது. பின்பக்கத்துக்குச் சிமெண்டு போட்டு ஒரு ஷெட் இறக்கினால் ஸ்கூட்டரை மழையில் நனையாமல் நிறுத்தலாமென்று எப்போதோ ஒரு தடவை அவள் சொல்லியிருந்தாள். போதாக்குறைக்கு ஒரு நாள், “மாமா, நீளக் காம்புல நிறைய மொட்டு இருந்துச்சே, அதெல்லாம் எங்க போகுது?” என்று வேறு கேட்டுவிட்டாள். திருடினவளே வந்து துப்புக் கேட்கிறாள் பார் என்று செக்கர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் தாழ்ப்பாள் சத்தம், வாளி, ஜன்னல், கைப்பை.

அன்று சாயங்காலம் மருமகள் கடையிலிருந்து திரும்பியதும், கைகூடக் கழுவாமல் நேராக அவரிடம் வந்தாள்.

“மாமா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.”

செக்கர் டிவியின் சத்தத்தைக் கூட்டினார். அவள் நின்றாள். இன்னும் கொஞ்சம் கூட்டினார். செய்தி வாசிக்கிறவர் வீடு அதிரக் கத்தினார். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சிறிது நேரத்தில் மகனிடமிருந்து போன் வந்தது. அவன் சாலை போடும் கம்பெனியில் மேற்பார்வையாளன். எங்கோ வெட்டவெளியில் தார் வாசனைக்கு நடுவே கூடாரத்தில் இருந்து பேசினான்.

“அப்பா, அவ பையைத் திறந்து பார்த்தீங்களா, இல்லையா?”

“பார்த்தேன்டா. அதுல என்ன இருந்துச்சு தெரியுமா?”

“அதுல என்ன இருந்துச்சுன்னு நான் கேக்கலப்பா.” அவன் குரல் உடைந்தது. “சின்ன வயசுல என் பையைக் கொட்டுவீங்க. நான் ஒண்ணும் சொன்னதில்ல. என்னோட போகட்டும்னு நினைச்சேன்.”

லைன் அறுந்ததா, அவனே வைத்துவிட்டானா, தெரியவில்லை. மனைவி தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு உட்காராமலே பேசினாள்.

“அவ அண்ணனை வரச் சொல்லிட்டா. ஞாயித்துக்கிழமை வர்றான். பெட்டி கட்டிட்டா. அவ போனா நானும் அவ கூடவே போறேன். நீங்களும் உங்க பூசணியும் ஒருத்தரை ஒருத்தர் செக் பண்ணிக்கிட்டு சந்தோஷமா இருங்க.”

“நீ எதுக்குப் போற? நீ என்ன பண்ணின?”

“இத்தனை வருஷமா உங்களைச் சிரிச்சுச் சமாளிச்சேன் பாருங்க, அதுதான் நான் பண்ணின தப்பு.”

அவள் இப்படிப் பேசி அவர் கேட்டதில்லை. அவள் குரலில் கேலி இல்லை. தட்டைத் தள்ளி வைத்தார். ஆனாலும் மனிதர் விட்டுக்கொடுக்கவில்லை. ஆதாரத்தோடு பிடித்துக் காட்டிவிட்டால்? அண்ணன்காரன் வரும்போது அவன் கண் முன்னாலேயே நிரூபித்துவிட்டால்? அப்போது இவர்கள் எல்லோரும் என்ன சொல்வார்கள்?

பொறி வைப்பதென்று முடிவு செய்தார்.

பொறியின் சூட்சுமம் இதுதான்: தோட்டத்தைக் கைவிட்டவர்போல் நடிப்பது. பின்பக்கம் காலடி வைப்பதில்லை. தண்ணீர்கூட, குழாயில் ரப்பர் டியூப்பைச் செருகி, பின்வாசல் படியில் நின்றே விடுவது. காவல் இல்லையென்று தெரிந்தால் திருட்டுக் கைக்குத் துணிச்சல் வரும். அப்போது குளியலறை ஜன்னலிலிருந்து பிடித்துவிடலாம்.

மறுநாளிலிருந்து விடிந்ததும் வாளிமேல் ஏறி நின்றார். கால் மரத்தது. வாளி நசுங்கியது. “குளிக்கப் போன மனுஷன் கரைஞ்சுட்டாரா?” என்று மனைவி கதவைத் தட்டினாள். மருமகள் பின்பக்கம் எட்டியே பார்க்கவில்லை. தன் ஈரத்துணியைக்கூட முன்பக்கக் கம்பியில் உலர்த்தினாள். பக்கத்து வீட்டுக்காரி துணி உதறினாள், போனாள். பூனை வெயில் காய்ந்தது, போனது.

திருட்டுக் கை வரவே இல்லை. வந்ததெல்லாம் தேனீக்கள்தான்.

வேறு பார்க்க ஒன்றுமில்லாததால் செக்கர் தேனீயைப் பார்த்தார். கிள்ள ஆளில்லாததால் நீளக் காம்புப் பூக்கள் கொடி முழுக்க விரிந்து கிடந்தன. தேனீ அவற்றுக்குள் தலைகீழாகப் புகுந்து, உடம்பெல்லாம் மஞ்சள் பொடியை அப்பிக்கொண்டு வெளியே வந்தது. அங்கிருந்து அடுத்த பூ, அதற்கடுத்த பூ. டிக்கெட் எடுத்தது, எடுக்காதது என்ற பேதமே அதற்கு இல்லை. எல்லாவற்றிலும் ஏறியது, எல்லாவற்றிலிருந்தும் இறங்கியது. “இவனும் ஒரு செக்கர்தான் போல” என்று முணுமுணுத்துக்கொண்டார். “ஆனா எவனையும் இறக்கிவிட மாட்டேங்கிறானே!”

சனிக்கிழமை காலையில் அது அவர் கண்ணில் பட்டது. அகன்ற இலைக்குக் கீழே ஒரு பூசணி. கோலிக்குண்டு இல்லை, ஒரு கைப்பிடி அளவுக்குப் பச்சையாக, திடமாக இருந்தது. அதற்கு அப்பால் இன்னொன்று. மதிலோரம் மற்றொன்று. ஒன்றிலும் மஞ்சள் இல்லை. ஒன்றும் உதிரவில்லை.

செக்கருக்கு முதலில் சந்தோஷம்கூட வரவில்லை. புருவம்தான் நெரிந்தது. ஏன் நின்றது? இத்தனை நாள் நிற்காதது இப்போது மட்டும் எப்படி நின்றது? பழைய வழக்கப்படி கணக்குப் போட்டார். ஒரு பஸ்ஸில் பொருள் காணாமல் போய்க்கொண்டே இருக்கிறது; திடீரென்று ஒரு நாள் போவது நின்றுவிடுகிறது. அப்படியானால் கேள்வி ஒன்றுதான். அன்றைக்கு அந்தப் பஸ்ஸிலிருந்து இறங்கியவன் யார்?

பக்கத்து வீட்டுக்காரி இறங்கவில்லை. பூனை இறங்கவில்லை. மருமகள் தள்ளிப் போனாள், உண்மை. ஆனால் முன்பு பிஞ்சுகள் உதிர்ந்தபோதும் அவள் சில நாள் உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்கு வெளியூர் போயிருந்தாளே! அப்போதும் உதிரத்தானே செய்தது? தினமும் தவறாமல் அந்தத் தோட்டத்தில் ஏறிய ஆள், அத்தனை பூவிலும் கை வைத்த ஆள், இந்த வாரம் ஏறாமல் நின்ற ஆள் ஒருவர்தான் உண்டு.

அவர் தன் விரல்களைப் பார்த்தார். விடியற்காலைகளில் மொட்டுகளைக் கிள்ளிக் கிள்ளிக் குழியில் போட்ட விரல்கள். பிறகு அதே விரல்கள் ஒரு பெண்ணின் பைக்குள் துழாவின. வாளியிலிருந்து இறங்கத் தெரியாமல், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தான்.

ஃபிரிட்ஜ் மெக்கானிக். வாட்டசாட்டமான ஆள். ‘பாப்பா’ என்றே கூப்பிடும் தங்கையைப் படிக்க வைத்துக் கல்யாணம் செய்து கொடுத்தவன். வழக்கமாக வந்ததும் வராததுமாகச் சமையலறைக்குப் போய், “அத்தை, ஃபிரிட்ஜ் எப்படி ஓடுது?” என்று விசாரிப்பான். இன்று நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். மனைவி கொண்டுவந்து வைத்த தண்ணீரைத் தொடவில்லை. அவன் காலருகில் தங்கையின் பெட்டி நின்றது. மருமகள் அறை வாசலில், தோளில் அதே கைப்பையோடு நின்றாள்.

“மாமா, நான் சண்டை போட வரல” என்றான். “எங்க வீட்ல பொருள் காணாம போனா, பாப்பா பையில தேட மாட்டோம். அங்கயே இருக்கட்டும்னு கூட்டிட்டுப் போறேன். அவ்வளவுதான்.”

செக்கர் எழுந்து நின்றார். எத்தனையோ பேரை எழுந்து நிற்க வைத்தவர்.

“திருடனைப் பிடிச்சுட்டேன் தம்பி.”

அண்ணனின் முகம் சிவந்தது. “இன்னுமா?”

“ஐயோ, கொஞ்சம் வாயை மூடுங்களேன்!” என்றாள் மனைவி.

“என்னைச் சொல்றேன்.” அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. “காயில்லாத பூவெல்லாம் வேஸ்ட்டுன்னு நான்தான் தினமும் கிள்ளிப் போட்டேன். அதனாலதான் பிஞ்செல்லாம் உதிர்ந்துச்சு. இந்த வாரம் நான் கிள்ளல. காய் நின்னுடுச்சு. அவ தொடவே இல்ல. நான்தான்.”

மருமகள்தான் முதலில் பேசினாள்.

“எனக்குத் தெரியும் மாமா.”

“என்ன?”

“நீங்க கிள்ளுறது தெரியாது. ஆனா காய் ஏன் நிக்கலன்னு தெரியும். அன்னிக்கே கடையில அந்த அம்மாகிட்டக் கேட்டேன். பிஞ்சைத்தான் நீங்க வாங்கிட்டீங்களே, வாயாலதான் சொன்னேன். நீளக் காம்புல வர்றது ஆண் பூவாம், அது இல்லாம காய் நிக்காதாம், மொட்டெல்லாம் எங்க போகுதுன்னு பாரும்மான்னாங்க. ஓடி வந்தேன் சொல்றதுக்கு. நீங்க டிவி சத்தத்தைக் கூட்டினீங்க.”

காலையில் பையைக் குடைந்த மனிதருக்காக, சாயங்காலம் ஓடி வந்திருக்கிறாள்! செக்கரின் உள்ளே எதுவோ பொலபொலவென்று சரிந்தது. கல்நெஞ்சுக்காரர் என்று பெயரெடுத்தவர், தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் அழுது மனைவி பார்த்ததே இல்லை. பக்கத்தில் போகத் துடித்தாள். ஆனாலும் போகாமல் மருமகளின் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

அண்ணன் அசையவில்லை. அவன் கண்களில் ஈரமும் இல்லை, இரக்கமும் இல்லை.

“இதெல்லாம் நான் எப்படி நம்புறது? பெட்டியைப் பார்த்ததும் வர்ற அழுகையா இது? நாளைக்கு மோதிரம் ஒண்ணு காணோம்னா மறுபடியும் யார் பையைத் திறப்பீங்க?”

மருமகள் ஓரடி முன்னால் வந்தாள்.

“நான் ஒண்ணு கேக்குறேன் மாமா. காய் நின்னதால என்மேல தப்பு இல்லன்னு தெரிஞ்சுது. சரி. காய் நிக்காமலே போயிருந்தா? பூச்சி அடிச்சு, மழை அடிச்சு, எல்லாம் உதிர்ந்து போயிருந்தா? அப்பவும் இப்படி எழுந்து நின்னு சொல்லியிருப்பீங்களா?”

‘சொல்லியிருப்பேன்’ என்ற ஒரே வார்த்தை. அதைச் சொல்லிவிட்டால் போதும். மனைவி கண்ணாலேயே கெஞ்சினாள். செக்கர் வாயைத் திறந்தார். அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் எதிரே நின்ற பெண்ணின் முகத்தை, வாழ்க்கையில் முதல் தடவையாக, குற்றம் தேடாமல் பார்த்தார். அந்த முகத்தின் முன்னால் பொய் சொல்ல முடியவில்லை.

“இல்லம்மா” என்றார். “சொல்லியிருக்க மாட்டேன். உன்னைத்தான் சந்தேகப்பட்டிருப்பேன்.”

“கேட்டியா பாப்பா?” அண்ணன் சட்டென்று எழுந்து பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தான். “அவரே சொல்லிட்டாரு. வா, போகலாம்.”

அவள் நகரவில்லை. மாமனாரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் தலை குனிந்திருந்தது. வெளியே தெருவில் யாரோ சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனார்கள்.

“அண்ணா, பெட்டியை விடு.”

“என்ன?”

“இப்ப அவர் நல்லவர் மாதிரி ஒரு பதில் சொல்லியிருந்தா உன்கூட வந்திருப்பேன். இவர் பொய் சொல்றாரா நிஜம் சொல்றாரான்னு தினம் பார்த்துக்கிட்டு என்னால இங்க இருக்க முடியாது. இது நிஜம்னு தெரியுது.”

“அதுக்காக?”

“அதுக்காக இப்போதைக்கு இருக்கேன்.” அவள் மாமனார் பக்கம் திரும்பினாள். குரல் நடுங்கியது; ஆனால் இறங்கவில்லை. “மாமா, பெட்டியை நான் பிரிக்க மாட்டேன். கட்டினது கட்டினபடியே கட்டிலுக்கு அடியில இருக்கும். இன்னொரு தடவை நீங்க கையை நீட்டினா, அண்ணன் வர்ற வரைக்கும்கூடக் காத்திருக்க மாட்டேன். நானே தூக்கிட்டுப் போயிடுவேன். அத்தையையும் சேர்த்து.”

“என்னையும் சேர்த்துத்தான்” என்றாள் மனைவி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. “என் புடவை ரெண்டு அதுல இருக்கு.”

செக்கர் தலையாட்டினார்.

அண்ணன் பெட்டியிலிருந்து மெதுவாகக் கையை எடுத்தான். தண்ணீர் டம்ளரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தான். வாசலில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டான்; கயிற்றைக் கட்டும்போதெல்லாம் அவன் பார்வை உள்ளே வந்து வந்து போயிற்று.

“போன் பண்ணு பாப்பா. பண்ணலைன்னா நான் வந்துருவேன்.”

“பண்றேன்.”

“சார்ஜ் போட்டு வை.”

“சரிண்ணா. பார்த்துப் போ.”

அவன் படியிறங்கினான். கேட் அருகில் நின்று திரும்பி, மாமனாரைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை அளந்தான். நம்பினான் என்று சொல்ல முடியாது. வண்டியை உதைத்துக் கிளப்பினான். தெருமுனை திரும்பும் வரை மருமகள் வாசலிலேயே நின்றாள். கதவைச் சாத்த எழுந்து வந்த செக்கர், அவளுக்கு இரண்டடி பின்னால் தயங்கி நின்றுவிட்டார்.

அவள் உள்ளே வந்தாள். தானே கதவைச் சாத்தினாள்.